கேப்பை மாவு ஒட்டிய மூடி

என் கருவிப் பெட்டியின் அடியில் ஒரு ரேடியேட்டர் மூடி கிடக்கிறது. எந்த வண்டிக்கும் இப்போது பொருந்தாது. உள்பக்கம் காய்ந்து ஒட்டிய பழுப்புப் பொருக்கு மட்டும் இன்னும் போகவில்லை. திண்டிவனத்துக் கம்பவுண்டர் அதை என் கையில் வைத்துவிட்டுப் போனது அறுபதுகளின் தொடக்கத்தில்.

அப்போது விழுப்புரத்தில், பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு முதலாளியிடம் மெக்கானிக்காக இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுவேன். அங்கே ஒரு சின்னக் கார் நின்றது. ஹேண்டிலை இரண்டு சுற்று சுற்றினால் கிளம்பிவிடும். ஆனால் ரேடியேட்டரில் விரிசல். பத்து மைல் போனால் தண்ணீர் வடிந்து இன்ஜின் கொதிக்கும். கம்பவுண்டர் அதைப் பார்க்க வந்த அன்று, முதலாளி ஒரு கிண்ணம் கேப்பை மாவை நீட்டினார். "ஜல்தி கரைச்சு ஊத்துடா. ஆள் வந்துக்கினு இருக்காரு." சூட்டில் மாவு வெந்து விரிசலை அடைத்துக்கொள்ளும். சில நாள் தாங்கும். ஊற்றினேன்.

கம்பவுண்டரின் மகளுக்குச் சிறு வயதிலேயே கால் சூம்பிவிட்டது; பஸ் படி ஏற முடியாது. ஆசிரியப் பயிற்சிக்கு ஆள் எடுக்க விழுப்புரத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் கார். அவர் முதலாளியை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, அவரு யாவாரி, அப்படித்தான் பேசுவாரு. நீ சொல்லு. நம்பிப் பொண்ணை ஏத்திக்கினு வரலாமா?"

முதலாளி சிரித்தார். "அவன் ஊமைக் கோட்டான்ங்க. தலையை ஆட்டினாலே சத்தியம்."

நான் தலையை ஆட்டினேன்.

கம்பவுண்டர் காரை வாங்கிக்கொண்டு போனார். மகளை ஏற்றிக்கொண்டு ஆளெடுப்புக்கு வந்த அன்று, விக்கிரவாண்டிக்கு முன்பே வண்டி கொதித்து நின்றுவிட்டது. கம்பவுண்டர் குடம் தேடி வயல்வெளியில் ஓட, அந்தப் பெண் வெயிலில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாளாம். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து கதவைப் பூட்டியிருந்தார்கள். அடுத்த வருடம் விண்ணப்பிக்க அவளுக்கு வயது கடந்துவிடும்.

மறுநாள் அவர் பஸ்ஸில் வந்தார். சத்தம் போடவில்லை. மூடியை என் உள்ளங்கையில் வைத்தார். "கூழு நல்லா வெந்திருக்குது தம்பி. உப்புதான் பத்தல."

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளவும் வழியில்லை. அவர் கேட்டார். கூச்சக்காரன் என்று ஊர் என்னைச் சொல்கிறது. அன்று என் தலையை ஆட்டியது கூச்சம் இல்லை, வேலை போய்விடுமே என்ற பயம்.

இப்போது எனக்குச் சொந்தப் பட்டறை. பழைய வண்டி வாங்க வருகிறவர்களுக்கு ரேடியேட்டரைத் திறந்து காட்டி, குறையை வாய்விட்டுச் சொல்கிறேன். "உங்கள மாதிரி நேர்மையான ஆளு கிடைக்கிறது கஷ்டம்ங்க" என்கிறார்கள். ஸ்பானரை வைக்கும்போது அடியில் கிடக்கும் மூடியில் பட்டுக் கணீரென்கிறது. பெட்டியைச் சாத்திவிடுகிறேன்.