பூட்டிய கதவுகளில் ஆரஞ்சு அட்டை

என் கணவர் ஏசி மெக்கானிக். வடலூரில் ஒரு கடையில் பல வருஷம் சம்பளத்துக்கு இருந்துவிட்டு, நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே சொந்தமாக சர்வீஸ் ஆரம்பித்தார். பழுது பார்ப்பது அவர் வேலை. வாடிக்கையாளர்களைப் பிடிப்பது என் வேலை.

நோட்டீஸ் அடிக்கலாம் என்று அச்சகத்துக்குப் போனேன். அச்சகக்காரர் வேறு யோசனை சொன்னார். "நோட்டீஸ் நேரா குப்பைக்குப் போயிடுங்க. இத பாருங்க, மேல ஓட்டை போட்ட அட்டை. கதவுக் கைப்பிடியில மாட்டிட்டு வந்துகினே இருக்கலாம். இத எடுக்காம யாரும் வூட்டுக்குள்ள போவ முடியாது."

எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. தூரத்திலிருந்தே கண்ணில் படவேண்டும் என்று ஆரஞ்சு நிறத்தில் அடிக்கச் சொன்னேன்.

மே மாதத் தொடக்கம். நெய்வேலி வெயிலில் ஏசி சர்வீசுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஒரு காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சுரங்க ஊழியர்களின் டவுன்ஷிப்புக்குள் போனேன். குவார்ட்டர்ஸ் வீடுகள் வரிசையாக இருந்தன. யார் வீட்டிலும் பெல் அடிக்கவில்லை. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்குகிறவர்கள் இருப்பார்கள், அவர்களை எழுப்பி முகம் சுளிக்க வைக்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்டைத் திறப்பேன், அட்டையை மாட்டுவேன், சத்தமில்லாமல் சாத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். சில வீடுகள் பூட்டியிருந்தன. பள்ளிக்கூட விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் போயிருந்தார்கள். வந்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று அங்கேயும் மாட்டினேன்.

மறுநாளிலிருந்தே போன் வர ஆரம்பித்தது. என் கணவருக்குச் சாப்பிட நேரமில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் புது எண்ணிலிருந்து அழைப்பு. "ஏசி சர்வீசா?" என்றது ஆண் குரல்.

"ஆமாங்க சார். எந்த பிளாக்குங்க?"

"போலீஸ் ஸ்டேஷன்லேருந்து பேசறேன். உங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வாங்க."

ஸ்டேஷனில் ஏசி ரிப்பேர் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவர் டூல் பையைக்கூட எடுத்துக்கொண்டார்.

அங்கே மேஜைமேல் எங்கள் ஆரஞ்சு அட்டைகள் சில கிடந்தன.

"இத மாட்டினது யாரும்மா?" என்றார் எஸ்.ஐ.

"நான்தாங்க."

"இந்த அட்டை தொங்கின வீடுங்களாப் பார்த்து உடைச்சிருக்கானுங்க. எல்லாம் ஒரே தெரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பொறுமையாகவே சொன்னார். "ஆள் இருக்கிற வீட்ல அட்டைய அன்னிக்கே எடுத்துடுவாங்க. நாலஞ்சு நாளா தொங்கினா உள்ள ஆள் இல்லைன்னு அர்த்தம். திருடன் பெல் அடிச்சுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்ல. எது காலி வீடுன்னு நீங்களே காட்டிக் குடுத்திருக்கீங்க."

பெஞ்சில் உட்கார்ந்தேன். அதோடு முடியவில்லை. அவர் என் கணவர் பக்கம் திரும்பி, "நீங்க வீட்டுக்குள்ளல்லாம் போய் வேலை பார்க்கறவரு. ரெண்டு நாளா ராத்திரி எங்க இருந்தீங்க?" என்றார்.

என் கணவர் டூல் பையைக் கீழே வைத்தார். "வடலூர் கல்யாண மண்டபத்துல ஏசி மாட்டிகினு இருந்தேங்க. கேட்டுப் பாருங்க" என்றார். விசாரிக்கும்வரை அவர் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். நான் போகலாம் என்றார்கள்.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. நேராக எஸ்.ஐ. சொன்ன தெருவுக்குப் போனேன். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். மாட்டிய அன்று எல்லாக் கதவுகளிலும் ஆரஞ்சு இருந்தது. இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக, பூட்டிய வீடுகளில் மட்டும் இருந்தது. நின்ற இடத்திலிருந்தே எந்த வீட்டில் ஆள் இல்லை என்று என்னால் சொல்ல முடிந்தது.

ஓடி ஓடிப் பிடுங்கினேன். அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று போனேன். எங்கெங்கே மாட்டினேன் என்று நினைவில் தேடிக்கொண்டே திரும்ப முதல் தெருவுக்கு வந்தபோது, உடைக்கப்பட்ட வீடுகளில் ஒன்றின் முன்னால் டாக்சி நின்றிருந்தது. தகவல் கேட்டுத் திருநெல்வேலியிலிருந்து திரும்பியிருந்தார்கள். என் வயதுப் பெண் ஒருத்தி வாசலில் நின்றாள். நான் யார் என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவள் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பீரோ பிளந்து கிடந்தது. துணியெல்லாம் தரையில். "எங்கம்மா போட்டிருந்த சங்கிலி" என்றாள். "அவங்க போன பிறகு நான் அதைப் போடக்கூட இல்லைங்க. பத்திரமா இருக்கட்டும்னு வச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மண்டபத்துக்காரர் வந்து சொன்னபிறகு, சாயங்காலம் என் கணவரை அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் சேத்தியாத்தோப்பில் நகை விற்கப் போன இடத்தில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். அட்டையைப் பார்த்துத்தான் வீடுகளைத் தேர்ந்தெடுத்ததாக அவர்களே சொன்னார்களாம். நகை கொஞ்சம் கிடைத்தது. அந்தச் சங்கிலியை ஏற்கெனவே உருக்கிவிட்டிருந்தார்கள்.

மிச்சமிருந்த அட்டைகளை ஓட்டைக்குக் கீழே வெட்டிவிட்டு, இப்போது கையில்தான் கொடுக்கிறேன். சாயங்காலத்தில் போய் பெல் அடிக்கிறேன். பூட்டியிருந்தால் தாண்டிப் போய்விடுவேன். பூட்டிய வீட்டில் வேறு யாருடைய விளம்பரமாவது தொங்கினால் அதையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன்.

போன மாதம் ஒரு டியூஷன் சென்டர் நோட்டீஸை அப்படி எடுத்தபோது எதிர்வீட்டு அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். "அடுத்தவங்க நோட்டீஸை ஏன் கிழிக்கிறே? உன் பொழப்பு மட்டும் நடக்கணுமா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. வாயில் கையை வைத்துக்கொண்டு தெருவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பூட்டியிருந்த பக்கத்து வீட்டுக்குப் போய், கேட்டுக்குள் சேர்ந்து கிடந்த பேப்பர்களைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.