அப்பா பறித்து வந்த துப்பாக்கி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் ஒரு துப்பாக்கி கிடந்தது. அம்மா உரித்து வைத்திருந்த மரவள்ளிக் கிழங்குக்கும் உப்புச் சாடிக்கும் நடுவில் நீளமாகக் கிடந்தது. அப்பாவின் துப்பாக்கியை எனக்குத் தெரியும். அதன் கட்டை வெடித்துப்போய், கம்பி சுற்றி இறுக்கியிருக்கும். இது வேறு. இரும்பில் வெள்ளிக் கொடி ஓடியது, கொடியில் சின்னச் சின்னப் பறவைகள். கட்டை, எண்ணெய் தடவிய மனிதத் தோல்போல மினுமினுத்தது. தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன். "தொடாதே, அது சாட்சி" என்றார் அப்பா.

அப்பா வேட்டைக் காட்டின் காவலர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'கார்ட்'. கரும்பு வெட்ட எங்கள் பாட்டன்மார் கப்பலேறி வந்த இந்தத் தீவில், மாயேபூருக்கு மேலே உள்ள மலைச்சரிவு முழுவதும் ஒரு சர்க்கரைத் தோட்டத்துக்குச் சொந்தம். கீழே கரும்பு, மேலே காடு, காட்டுக்குள் மான்கள். குளிர் மாதங்களில் தோட்டத்து வெள்ளைக்கார முதலாளி பெரிய மிசியேவும் அவருடைய விருந்தாளிகளும் அவற்றைச் சுடுவார்கள். மற்ற மாதங்களில் யாரும் ஒரு மானையும் தொடாமல் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. அதற்குக் கூலியோடு ஒரு காக்கிக் கோட்டும், தோட்டத்து எல்லையில் ஒரு தகரக் கூரை வீடும், தோளிலிருந்து குறுக்கே போடும் தோல்வாரில் உள்ளங்கை அகலப் பித்தளை வில்லையும் கொடுத்திருந்தார்கள். வில்லையை அவர் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். அம்மா சாமி விளக்கைக்கூட அப்படித் தேய்த்ததில்லை.

வேட்டை நாட்களை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். தோட்டத்து ஆண்களை வரிசையாக நிறுத்திக் காட்டுக்குள் அனுப்புவார்கள். அவர்கள் தகரம் தட்டி, கூச்சல் போட்டு, முள்ளில் கிழிபட்டு மான்களை விரட்டிக்கொண்டு போக வேண்டும். மறுபக்கம் மரப் பரண்களின் மேல் மிசியேக்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். குண்டு மானுக்குப் போகும், சில சமயம் மனிதனுக்கும் வரும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தொடையில் ஈயத்தோடு கடைசிவரை நொண்டினார். வேட்டை முடிந்ததும் கறி முழுவதும் வண்டியேறிவிடும். விரட்டியவர்களுக்குக் குடலும் கால் குளம்பும். வரிசையைக் கட்டி நடத்திய அப்பாவுக்கு ஒரு முன்னந்தொடை. அதை அவர் ஏதோ பரிவட்டம் கட்டிக்கொண்டவர்போல வீட்டுக்குக் கொண்டு வருவார்.

அந்தக் கறியை அம்மா ஒரு வருடம் அடுப்பில் ஏற்ற மறுத்தாள். அதற்குக் காரணம் மாமா.

மாமா அம்மாவுக்கு அண்ணன். தோட்டம் வேண்டாமென்று கழித்து விற்ற மேட்டு நிலத்தில் ஒரு துண்டை வாங்கி, பாறையை உடைத்துக் கல்லைக் குவித்துக் கரும்பு வைத்தவர். அந்தத் துண்டுக்கு மேலே வேட்டைக் காட்டின் கல்சுவர். அது மானைத் தடுக்காது. வெட்டிய கரும்பின் அடிக்கட்டை மறுதாம்பாகக் குருத்து விடும் நேரம் பார்த்து மான்கள் தாண்டி வந்து, வரிசை வரிசையாகக் கடித்துவிட்டுப் போகும். துரத்தலாம், சத்தம் போடலாம், கொல்லக்கூடாது. கரும்பு மாமாவுடையது, அதைத் தின்னும் மான் மிசியேவுடையது. பொறுக்க முடியாமல் ஒருநாள் அவர் தன் நிலத்திலேயே கம்பிச் சுருக்கு வைத்தார். மான் விழுந்தது. சுற்று வந்த அப்பா அதைப் பார்த்தார். மச்சானைக் கையைக் கட்டி, ஊர் நடுவே நடத்திக்கொண்டு போய்ப் போலீசில் விட்டார். மாமா சிறைக்குப் போனார். அந்த வருடம் அவருடைய கரும்பை வெட்டக் கை இல்லை. மாமி கைக்குழந்தையை நிழலில் கிடத்திவிட்டுத் தானே வெட்டினாள்.

அம்மா அழவில்லை. அப்பாவின் தட்டைத் தரையில் வைத்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டாள்: "மிசியே செஞ்சா பிடிப்பீங்களா?"

"யார் செஞ்சாலும் பிடிப்பேன்" என்றார் அப்பா. "மச்சான்னு விட்டா நாளைக்கு நான் யாரைப் பிடிக்க முடியும்?"

நான் அப்போது அவரை வெறுத்தேன். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அவர் அந்தப் பதிலை நிஜமாகவே நம்பினார் என்பது எனக்கு அன்று தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காவடி விரதம் நடந்துகொண்டிருந்த வெயில் மாதம். பெண்மான்கள் வயிற்றில் குட்டியோடு இருக்கும் காலம், வேட்டைக்கு மூடிய காலம். பெரிய மிசியேவின் மனைவிக்கு ஒரு தம்பி, மேட்டு நகரமான குயூர்பிப்பில் இருந்து மோட்டார் வண்டியில் வந்திருந்தார். காலையில் காபி குடித்துவிட்டு, பொழுது போகாமல் ஆற்றோரம் நடந்தவர், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பெண்மானைச் சுட்டார். அதைத் தூக்கக்கூட இல்லை. சத்தம் கேட்டு ஓடிப்போன அப்பா மானைப் பார்த்தார், அதன் வயிற்றைப் பார்த்தார், பிறகு அந்த ஆளிடம் கையை நீட்டித் துப்பாக்கியைக் கேட்டார்.

அவர் கொடுத்துவிட்டார். எத்தனை முறை நினைத்தாலும் எனக்குக் கசப்பான சிரிப்பு வரும் இடம் இது. கார்ட் தன் துப்பாக்கியைச் சுமந்துவரக் கேட்கிறான் என்று அவர் நினைத்தார். இரண்டு விரலால் நீட்டிவிட்டு, கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தார். பாதை பிரியும் இடத்தில் பின்னால் காலடிச் சத்தம் இல்லை என்று திரும்பியபோதுதான், அப்பா துப்பாக்கியோடு போலீஸ் பக்கம் போகும் பாதையில் இறங்குவதைப் பார்த்தார். கத்தினார். இந்தியர்களை இளக்காரமாகக் கூப்பிடும் சொல்லை எடுத்து மலபார் நாயே என்றார், திருடன் என்றார். அப்பா தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டு நடந்தாராம்.

போலீசுக்குப் போகும் வழியில் அப்பா வீட்டுக்கு வந்து குளித்து, கோட்டை மாட்டி, வில்லையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே தோட்டத்துக் கங்காணி சிர்தார் மூச்சிரைக்க வந்தார். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டால் நடந்ததைப் பெரிய மிசியே மறந்துவிடுவார் என்றார். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். காவடி நாளில் வம்பு வேண்டாம், கொடுத்துவிடுங்கள் என்றாள்.

அப்பா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "மிசியே செஞ்சா பிடிப்பீங்களான்னு நீதானே கேட்ட? பிடிச்சிட்டேன்" என்றார்.

அம்மா பக்கத்தில் வந்தாள். அவருடைய கோட்டுக் காலரில் ஒட்டியிருந்த ஒரு முள்ளை எடுத்துப் போட்டாள். அந்த வருடத்தில் அவள் அவரைத் தொட்டதை நான் பார்த்தது அப்போதுதான்.

வழக்கு எப்படிப் போனது என்று அப்பா சொல்லவேயில்லை. ஊரெல்லாம் சிர்தார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்த மானை நாய் கடித்திருந்தது, வலியில் துடித்தது, இரக்கப்பட்டுச் சுட்டேன் என்றார் அந்த மைத்துனர். நாய் எதுவும் இல்லை என்று அப்பா சொன்னதை யாரும் கேட்கவில்லை. அனுமதி கொடுத்ததே நான்தான் என்றார் பெரிய மிசியே. துப்பாக்கியைத் துணியில் சுற்றி மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார்கள். மாமாவின் நிலத்தில் செத்த மானுக்குச் சிறை; ஆற்றோரத்தில் வயிற்றுக் குட்டியோடு செத்த மானுக்கு ஒரு மன்னிப்பு, அதுவும் சுட்டவரிடம் கேட்ட மன்னிப்பு.

வீட்டை உடனே காலி செய்யச் சொன்னார்கள். கோட்டையும் வாரையும் வில்லையையும் சிர்தார் வாங்கிக்கொண்டார். பானை, பாய், கோழிக்கூடு எல்லாம் சாலையோரத்தில் கிடந்தன. ஊர்க்காரர்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். அப்பா பிடித்துக்கொடுத்தவர்கள், அவர்களுடைய பெண்டாட்டிகள், பிள்ளைகள். சிலர் சிரித்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். கோபம்தான். சிர்தார் முன்னால் வாய் திறக்காதவர்கள், பானையோடு நின்ற எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மாடுகட்டிய வண்டியோடு மாமா வந்தார். இறங்கிப் பாத்திரங்களை ஏற்றினார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "உங்களுக்காக வண்டி கட்டல, மாப்பிள்ளை. என் தங்கச்சி தெருவுல நடந்து போகக்கூடாது. அதுக்காகத்தான்."

அதன் பிறகு மாமாவின் மேட்டு நிலத்தில் அப்பா மண்வெட்டி பிடித்தார். இரண்டு பேரும் ஒரே வரிசையில் களை எடுப்பார்கள், பேசிக்கொள்ள மாட்டார்கள். அடுத்த புயலில் வேட்டைக் காட்டின் சுவர் பெரிதாகச் சரிந்தது. மான்கள் இனித் தாண்ட வேண்டியதில்லை, நடந்தே வந்தன. பட்டப்பகலில் மேய்ந்தன. சுவரைக் கட்டித்தரச் சொல்லிக் கேட்க அப்பா தோட்டத்து ஆபீசுக்குப் போனார். வெயிலில் நிற்க வைத்தார்கள். கடைசியில் சிர்தார் வெளியே வந்து, மான் தின்னாத பயிராகப் பார்த்து வைத்துக்கொள்ளப் பெரிய மிசியே சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார். மாமாவின் நிலத்துக் கூழாங்கல்லைத் தவிர மான் தின்னாதது அங்கே எதுவும் இல்லை.

அப்பா திரும்பி வந்து சுருக்குக்குக் கம்பி முறுக்கினார். மாமா பதறிப்போனார். வேண்டாம், உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன், உங்கள் உடம்புக்கு ஆகாது என்று கெஞ்சினார். மானை யார் கண்ணிலும் படாமல் பிடித்து மறைக்கும் வித்தை அந்த ஊரில் யாருக்காவது தெரியும் என்றால் அது அப்பாவுக்குத்தான். அவர் மறைக்கவில்லை. சரிந்த சுவருக்கு நேர் கீழே, சாலையிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் வைத்தார். காலையில் ஒரு கிடா விழுந்தது. கழுத்தை அறுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். நான் கஞ்சி கொண்டுபோனேன். "வச்சிட்டுப் போ. கார்ட் வருவான், பேச வேண்டியிருக்கு" என்றார். புதிய கார்ட், முன்பு அவருக்குக் கீழே வேலை பார்த்தவன், வந்து அவரைப் பார்த்துத் திகைத்து நின்றான். ஓடிவிடுங்கள், நான் பார்க்கவில்லை என்றான். அப்பா எழுந்து கைகளை நீட்டினார்.

அவருக்குக் கோர்ட்டில் பேச வேண்டும், அதுதான் விஷயம். முதல் முறை அவர் சாட்சி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இறங்க வேண்டியிருந்தது. இந்த முறை குற்றவாளி. குற்றவாளியைப் பேச விடுவார்கள் என்று நம்பினார். மறுபடியும் நம்பினார். அதை நினைத்தால்தான் எனக்கு அவர்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அம்மாவும் நானும் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வேட்டை மாதங்களில் பெரிய மிசியேவின் பரணில் நான் பார்த்த அதே நீதிபதி. தீவில் எல்லோருக்கும் பொதுப் பேச்சான கிரியோல் அப்பாவுக்கு நன்றாகப் பேச வரும். ஆனால் கிரியோலில் அவர் வாழ்நாள் முழுவதும் கட்டளை வாங்கித்தான் பழகியிருந்தார். தமிழில் பேசுகிறேன் என்றார். அதற்கென்று ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார்; நம்ம ஆள்தான், வெள்ளைக் கோட்டு, நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று. சட்டம் தெரிந்துதான் செய்தாயா என்று நீதிபதி கேட்டார்.

அப்பா நிமிர்ந்து நின்றார். "தெரியும் ஐயா. என் மச்சானைப் பிடிச்சப்பவும் தெரியும். மிசியேவைப் பிடிச்சப்பவும் தெரியும். அது யாருக்கான சட்டம்னு மட்டும் தெரியாம இருந்துச்சு. அதை இங்கதான் படிச்சேன்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு நொடி அப்பாவைப் பார்த்தார். பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில், "குற்றத்தை ஒத்துக்கொள்கிறான்" என்றார். அவ்வளவு பிரெஞ்சு எனக்கே தெரியும். நான் எழுந்து நின்றேன். என் முந்தானையைப் பிடித்து அம்மா உட்கார வைத்தாள். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அப்பா சிறையில் கல் உடைத்தார். வெளியே வந்த அன்று மாமா வண்டியோடு வாசலில் நின்றார். அப்பா பாதி ஆளாக இருந்தார், இருமிக்கொண்டே இருந்தார். ஏறி உட்கார்ந்ததும் மாமா மாட்டைத் தட்டிவிட்டு, "இன்னும் அதே சோளக் கஞ்சிதானா, மாப்பிள்ளை?" என்றார். "அதேதான் மச்சான். புழுவும் அதேதான்" என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள். அப்பா அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. இருந்தவரை மாமாவும் அவரும் ஒரே தட்டில் வெற்றிலை எடுத்தார்கள்.

இப்போது நான் பிளேன் மாக்னியனில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்திக்கு விமான நிலையத்தில் வேலை. முதல் சம்பளம் வாங்கியதும் எங்களையெல்லாம் மலைமேல் ஒரு உணவகத்துக்கு அழைத்துப்போனாள். பழைய வேட்டை மாளிகையாம். சுவரெங்கும் கொம்புகள். வெளிநாட்டுக்காரர்கள் பணம் கட்டி மான் சுட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். மான்கறி வந்தது. நான் தட்டைத் தள்ளி வைத்தேன். ஏன் என்று பேத்தி கேட்டாள். வீட்டில் எல்லோரும் பேசுவது கிரியோல்தான், ஆகவே கிரியோலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கோர்ட்டில் சொன்னதையும் சொன்னேன். அந்த மொழியில் அது சின்னதாகிவிட்டது. கேட்டு முடித்ததும் என் கையைத் தடவி, "பாவம், அப்பாவி மனுஷர்" என்றாள் பேத்தி.

அவள் நல்ல பெண். அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அந்த வெள்ளைக் கோட்டுக்காரரின் நினைவு வந்துவிட்டது. குற்றத்தை ஒத்துக்கொள்கிறான் என்று அவர் சொன்னார், பாவம் என்று இவள் சொல்கிறாள். அப்பா சொன்னதை இரண்டு பேருமே சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும், கோவில் பள்ளியில் படித்த தமிழை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். அவர் சொன்னதை அவர் சொன்ன மொழியிலேயே, ஒரு வார்த்தையும் விடாமல் மேலே எழுதியிருக்கிறேன். பரிதாபப்பட வேண்டாம். படித்தால் போதும்.