சோப்பு என்றால் வழவழ

என் வீட்டுக்காரர் பிளம்பர். பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் முடக்கியதோடு, பொருள்களின் பெயர்களையும் வாரிக்கொண்டு போய்விட்டது. சோப்பு, சீப்பு, தம்ளர், எதுவும் வாயில் வராது. ஆனால் சோப்பைக் காட்டினால் "வழவழ" என்பார். பிஸ்கட் என்றால் "மொறுமொறு". நான் வைத்த கஞ்சியைத் தள்ளிவிட்டு, "கொழகொழ" என்றார். நாக்கு குழறினாலும் நக்கலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை!

யோசித்துப் பார்த்தேன். சோப்புக்கு வேறு எந்தப் பெயரையும் வைத்திருக்கலாம், அதுபாட்டுக்கு நுரைத்திருக்கும். வழவழவை அப்படி மாற்ற முடியுமா? சொல்லும்போதே நாக்கு வழுக்குகிறது. காலமெல்லாம் குழாயைத் தடவித் தடவி வேலை பார்த்த மனிதர். கை அறிந்த சொற்கள் மட்டும் தங்கிவிட்டன போலிருக்கிறது.

அதெல்லாம் சரி, நான் யாரென்று அவருக்குத் தெரியுமா? அதுதான் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. என்றைக்கும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இல்லை, "இந்தா" என்பார். அந்த இந்தாவும் போய்விட்டது. என்னைப் பார்த்தால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் ஒருநாள் சொல்லியே விட்டேன்.

"இன்னிக்கு சோப்பு சீப்பெல்லாம் வேணாம்மா. என்னைக் காட்டிக் கேளு."

அவள் என் கையை எடுத்து அவருடைய இடது கையில் வைத்தாள். "ஐயா, இவங்க யாரு?"

பிடித்துக்கொண்டார். முகத்தைச் சுளித்தார். உதடு கோணியது.

"கண... கணகண."

எனக்கு வந்ததே கோபம்! "கேட்டியாம்மா? நான் பேசுறது மணி அடிக்கிற மாதிரி இருக்காம். விடிஞ்சதுலேருந்து ஒத்த ஆளா அல்லாடுறேன், எனக்கு இந்தப் பட்டம்!"

கையை உருவப் பார்த்தேன். விடவில்லை. கிட்டே இழுத்த பிறகுதான் பிடியை விட்டு, அந்தப் புறங்கையை என் கழுத்தில் வைத்தார். "கணகண," என்றார் மறுபடியும். அவர் கண் கலங்கியிருந்தது.

அந்தப் பெண் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஐயோ, உடம்பு இப்படிக் கொதிக்குதே! உங்களுக்கே தெரியலையாம்மா?"

காலையிலிருந்து உடம்பு வலிதான். வேலை அலுப்பு என்று நினைத்துவிட்டேன்.

"ஐயா காய்ச்சலைத்தான் சொல்லியிருக்காரு," என்று அவள் அவரிடம் திரும்பினாள். "சரி ஐயா, இவங்க யாருன்னு சொல்லுங்க."

அவர் அவளைக் கவனிக்கவே இல்லை. ஒற்றைக் கையை ஊன்றி உடம்பை இழுத்து இழுத்து நகர்ந்து, கட்டிலில் பாதியை எனக்கு ஒதுக்கினார்.

"போதும்மா, கேக்காத," என்று அழுதுகொண்டே போய்ப் படுத்தேன்.