லீவுக்கு நட்ட மரவள்ளி

வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவதுகூடச் சுலபம், லீவு வாங்குவதுதான் பெரும்பாடு. மனுவும் கையுமாகத் தலைமை ஆசிரியர் அறை வாசலில் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஃபிஜியில் இந்திய வம்சாவளியினருக்கு எதிராக ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம். நான் அங்கே தவுவா என்ற ஊரில் கணக்கு வாத்தியார். பிரசவத்துக்குத் தஞ்சாவூர் போன மனைவிக்கு மகன் பிறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நான் இன்னும் அவன் முகம் பார்க்கவில்லை. பள்ளி விடுமுறையோடு மூன்று வாரம் கூடுதலாக வேண்டும். என் வகுப்புகளை எடுக்க ஒருவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் மனு செல்லும்.

முதல் கையெழுத்து

அங்கேயே பிறந்து வளர்ந்த நாயக்கர் மாஸ்டர் என் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "புள்ளய பாத்துட்டு வா, நான் இருக்கேன்" என்றார். திங்கட்கிழமை அவர் நாற்காலி காலி. பதறிப்போய் அவர் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் அவர் தம்பி என் பேனாவை நீட்டினார்.

"அண்ணன் சனிக்கிழமையே நியூசிலாந்துக்குக் குடிபோயிட்டாரு சார். இத மறக்காம குடுக்கச் சொன்னாரு."

ஒருவருக்கு ஒருவர்

அடுத்து அறிவியல் ஆசிரியரைப் பிடிக்கப் போனேன். அவரும் லீவில் இருந்தார். அவர் வகுப்புகளுக்குப் பொறுப்பு வரலாற்று ஆசிரியர் என்றார்கள். அவரையும் காணோம். டைப்பிஸ்ட் கமலா இரண்டு மனுக்களையும் எடுத்துப் போட்டார். இவருக்கு அவர் கையெழுத்து, அவருக்கு இவர் கையெழுத்து.

"ஒரே பிளேன்லதான் போனாங்க சார். ஒருத்தர ஒருத்தர் நல்லா பாத்துக்குவாங்க."

கொல்லைப்புறச் சோதனை

அதன்பின் தலைமை ஆசிரியர் ஜோசேவா யார் கையெழுத்தையும் நம்பவில்லை. அவர் பூர்வகுடி ஃபிஜிக்காரர். "திரும்பி வருகிறவன் வீட்டில் மரவள்ளி இருக்கும்" என்றார். என் வீட்டிலோ புல்தான் இருந்தது. அன்று மாலையே குச்சிகளை வாங்கி வரிசையாக நட்டேன். மறுநாள் வந்தவர், நேராகக் கொல்லைக்குப் போய் ஒரு குச்சியை உருவினார். வேரே இல்லை. லீவு போச்சு, மகனும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அவர் குச்சியைத் திரும்ப ஊன்றி, மண்ணை மிதித்துவிட்டு, மனுவை வாங்கித் தன் பெயரையே எழுதினார்.

"உன் வகுப்பை நான் எடுக்கிறேன். இது விளையும்போது நீ இங்கே இருக்க வேண்டும்."

திரும்பி வந்தவன்

மகன் என்னைக் கண்டதும் வீரிட்டு அழுதான். கிளம்பும் நாளில்தான் தானாக என்னிடம் வந்தான். அந்தக் கலவர ஊருக்குக் கைக்குழந்தையோடு வரமாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். சொன்ன தேதியில் நான் மட்டும் பள்ளிக்குள் நுழைந்தேன். அட்டவணையில் என் பெயரே இல்லை. என் இடத்தில் வேறு பெயரும் இல்லை. கமலா பேயைப் பார்த்தது மாதிரி எழுந்து நின்றார். என் வகுப்பில் கணக்கு போட்டுக்கொண்டிருந்த ஜோசேவாவின் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது. வாக்கைக் காப்பாற்றியதற்குப் பாராட்டுவார் என்று நின்றேன்.

"மகனைப் பார்த்த பிறகுமா திரும்பி வந்தாய்?"

அந்த வருடம் லீவில் போய்த் திரும்பி வந்த ஒரே வாத்தியார் என்ற பெருமையோடு, விளைந்த மரவள்ளியை வேகவைத்து நான் தனியாகவே சாப்பிட்டேன்.