பொன்னாடைக்குக் காத்திருக்காத மேளம்

மேளம் வாசிக்கிறவனுக்குக் கையைவிட முக்கியமானது ஒன்று உண்டு என்று பெரியப்பா சொல்வார். கண் என்றாரா காது என்றாரா, மறந்துவிட்டது. இரண்டுமே இல்லாத கம்ப்யூட்டருக்கு மேளம் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

எண்பதுகளின் கடைசியில் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குத் திரும்பியதும், சிராங்கூன் ரோட்டில் பாட்டுக்குழு நடத்திய மணிமாறன் என்னைச் சேர்த்துக்கொண்டார். திரையில் கட்டம் கட்டமாக அடிகளை வைத்தால் கம்ப்யூட்டர் பெட்டி டிரம்ஸும் தபலாவும் வாசிக்கும். குழுவின் டிரம்மர், குவீன்ஸ்டவுன் பிரான்சிஸ் அண்ணன், பாட்டு நடுவில் வேகம் ஏற்றிவிடுவார். பெட்டி சரியாக வந்துவிட்டால் அவரை நிறுத்திவிடுவது மணிமாறனின் திட்டம். இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், 'சரியாக' என்பது என்ன என்பதில்தான் தகராறே.

எடுப்பு எங்கே?

முதல் ஒத்திகை. குழுவின் பாடகி கமலாவின் பாட்டில் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், தாளம் விழுந்து அரை அடி தள்ளித்தான் வரும். நானோ அவர் முதல் சொல் விழும் இடத்தில் முதல் அடியை வைத்துவிட்டேன். பாட்டு முழுக்க நொண்டியது. கட்டங்களை அரை அடி நகர்த்தினேன். அதற்குள் அவரும் எனக்காக அரை அடி நகர்ந்திருந்தார். மறுபடி நான், மறுபடி அவர்.

கடைசியில் மைக்கைக் கீழே வைத்துவிட்டார். "நான் உங்களைத் தேடுறேன், நீங்க என்னைத் தேடுறீங்க. யாராவது ஒருத்தர் ஒரு இடத்துல நில்லுங்க லா!"

ஆடாத கல்யாணம்

ஈசூனில் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கல்யாண விருந்து. பெட்டி இம்மி பிசகவில்லை. யாரும் ஆடவுமில்லை. மாப்பிள்ளையின் மாமா மேடைக்கு வந்து, "மெஷின் நல்லாத்தான் ஓடுது சார். எப்ப எந்திரிச்சு ஆடணும்னுதான் சொல்ல மாட்டேங்குது" என்றார்.

வீட்டுக்குப் போய், சரணத்திலிருந்து வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்படி மாற்றி எழுதினேன். பெருமையாகப் போட்டுக் காட்டினேன். மணிமாறன் முழுசாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிரான்சிஸோட தப்பை எதுக்கு டைப் பண்ணி வெச்சிருக்கீங்க?"

பொன்னாடை

காத்தோங்கில் ஒரு விழா. பிரான்சிஸ் அண்ணன் டிரம்ஸுக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். பெட்டி பழுதானால் பார்த்துக்கொள்ள. பல்லவி நடுவில் சிறப்பு விருந்தினர் பொன்னாடையோடு மேடையேறினார். நம் ஊர் வழக்கம்தானே: பாடகி நிறுத்திக் கைகூப்புவார், படம் எடுப்பார்கள், அதுவரை மேளம் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். பெட்டியோ தன் பாட்டுக்குச் சரணத்துக்குப் போய்விட்டது. பதறி ஒரு பொத்தானை அமுக்கினேன். மொத்தமும் நின்றது. தூக்கிய பொன்னாடையோடு விருந்தினரும் நின்றார்.

சட்டென்று டிரம்ஸ் எழுந்தது. விருந்தினர் இறங்கும்வரை அதே பல்லவியைச் சுற்றி வந்து, பிரான்சிஸ் அண்ணன் கமலாவைச் சரணத்தில் இறக்கிவிட்டார். வழக்கம்போல வேகமும் ஏற்றினார். பின்வரிசை எழுந்து ஆடியது. மணிமாறன் பல்லைக் கடித்தார். எனக்கோ யார் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை.

வயரைச் சுருட்டும்போது பிரான்சிஸ் அண்ணன் சொன்னார்: "என் வேகத்தைக் குறை சொல்றீங்க, சரி. உங்க பெட்டிக்கு மரியாதையே தெரியலையே தம்பி!"

ஒரு போன்

மறுநாள் மணிமாறன் கூப்பிட்டார். "பெட்டியைப் போகப் போகச் சரி பண்ணிக்கலாம். இனிமே வரவேண்டாம்னு பிரான்சிஸ்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. உங்ககிட்டன்னா கோவிச்சுக்க மாட்டாரு."

'சரியாக' என்பது என்ன என்பதில் மாப்பிள்ளையின் மாமாவுக்கும் மணிமாறனுக்கும் கமலாவுக்கும் நடுவில் நான் அடைந்த குழப்பம் இன்னும் தீரவில்லை. வரவேண்டாம் என்று சொல்வதற்குப் பதில், ஞாயிறு பூசை முடிந்ததும் ஒத்திகைக்கு வந்துவிடும்படி பிரான்சிஸ் அண்ணனுக்குப் போன் செய்தேன்.