ஃபயரிங்கில் போன ஏர்ஃபோர்ஸ் தம்பி

விருத்தாசலத்தில் பொம்மை செய்கிற யூனிட்டுகள்தான் அதிகம். எங்கள் யூனிட்டில் கல்லறைகளுக்குப் போட்டோ டைலும் போடுகிறோம். படத்தை டீகல் ஷீட் என்ற ஒட்டுத்தாளில் அச்சடித்து, தண்ணீரில் ஊறவைத்து, வெள்ளை டைலின் மேல் குமிழி இல்லாமல் ஒட்டுவது என் செக்‌ஷன். அதை எலக்ட்ரிக் கில்ன் என்ற கரண்ட் சூளையில் ஏற்றிச் சுடுவது செல்வம். சுடுவதற்கு எங்கள் பேச்சில் ஃபயரிங் என்று பெயர்.

டைலை டைல் என்று நாங்கள் சொன்னதே கிடையாது. "தாத்தா சூப்பரா வந்துட்டாருக்கா. ஆயாவுக்குத்தான் மூக்குல புள்ளி" என்பான் செல்வம். விரிசல் விட்டால், "மாமா போயிட்டாரு." புதிதாக வருகிறவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். பிறகு அவர்களும் அப்படியே பேசுவார்கள்.

திட்டக்குடியிலிருந்து ஞானம் என்ற பெரியவர் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துடன் வந்தார். படத்தில் இருந்தவர், எழுபத்தொன்று பாகிஸ்தான் போரில் குண்டு போடும் விமானத்தில் நேவிகேட்டராக இருந்த அவருடைய அண்ணன் சேவியர். விமானம் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. தனியாகக் கல்லறை இல்லாததால், அம்மாவின் கல்லறையிலேயே அண்ணன் படத்தையும் பதிக்க நினைத்தார்.

"பைலட்டுக்கே இவன்தான் வழி சொல்லணும்மா. ஆனா லீவுல வந்தா வேப்பூர்ல பஸ்ஸு மாறி ஏறி, நம்ம பக்கத்து மங்களூர்ல போயி நிப்பான். கேட்டா, 'ஆகாசத்துல போர்டு இல்ல, அதனால தப்பாது. இங்கதான் போர்டப் பாத்து ஏமாந்துடறேன்'ம்பான்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். "காணலன்னு சொன்னப்பவும் அம்மா நம்பல. எங்கியோ மாத்தி ஏறிட்டான், வந்துடுவான்னே சொல்லிக்கிட்டிருந்தாங்க" என்றார்.

படத்தில் சின்னப் பையன் முகம், தொப்பி லேசாகச் சாய்ந்திருந்தது. என் மகன் தினேஷும் அப்படித்தான் வைப்பான். அவனும் ஏர்ஃபோர்ஸ்தான், எல்லைப்பக்கம் டெக்னீஷியன். அந்த வாரம் எல்லையில் பதற்றம். டிவியில் நாள் முழுக்க அதே செய்தி. அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். சேவியரை டைலில் ஒட்டி, ரப்பரால் தண்ணீரை வழித்துவிட்டு, செல்வத்திடம் கொடுத்தேன்.

மறுநாள் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வேப்பூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். செல்வம் போன் செய்தான்.

"அக்கா, ஏர்ஃபோர்ஸ் தம்பி ஃபயரிங்ல போயிட்டாரு."

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். யாரோ ஒரு அம்மா, "தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க" என்று கத்தினார். டீக்கடைக்காரர் ஓடி வந்தார். போன் கையிலேயே பேசிக்கொண்டிருந்தது.

"வேற ஷீட்டு இருக்குதாக்கா? சாயந்தரமே இன்னொண்ணு ஒட்டிடலாமா?"

அந்த "இன்னொண்ணு" என்ற வார்த்தைதான் என்னை எழுப்பியது.

"டைலாடா?"

"டைலுதாங்க்கா. வேற என்ன?"

அப்போதுதான் அவனுக்குத் தினேஷ் ஞாபகம் வந்தது. "ஐயோ, அக்கா!" என்றான். அழுதுவிட்டான். நான் அழவில்லை. தினேஷ் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, "செல்போன வாங்கி வச்சிட்டாங்கம்மா. நீ சாப்ட்டியா?" என்று கேட்ட பிறகுதான் அழுதேன்.

இரண்டாவது ஃபயரிங்கில் சேவியர் நன்றாக வந்தார். தொப்பியின் நிழல்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. வாங்க வந்த ஞானத்திடம் தாமதத்துக்கான காரணத்தையும், போனில் அதைக் கேட்டு ஏர்ஃபோர்ஸில் இருக்கும் என் மகனென்று நான் பயந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டைலை வேட்டி முனையால் துடைத்தார்.

"உனக்கு அது டைலுதான்னு சொல்ல ஒரு ஆளு இருந்தாம்மா. எங்கம்மா கடைசி வரைக்கும் அப்படி ஒரு ஆளுக்குத்தான் காத்திருந்தாங்க" என்றார்.

டீகல் செக்‌ஷனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒட்டும் வேலையைப் போகப்போகக் கற்றுக்கொள்ளலாம். முதல் நாளே வாயைப் பழக்குங்கள். விரிசல் விட்டால், டைல் விரிசல் விட்டது என்று முழுசாகச் சொல்லுங்கள். ஆளைச் சொல்லாதீர்கள். அந்தப் பக்கம் கேட்கிறவர் வீட்டில் யார் வெளியே போயிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

செல்வம் இப்போது எப்போது கூப்பிட்டாலும் "டைலு விஷயங்க்கா" என்றுதான் ஆரம்பிக்கிறான். அது காதில் விழுகிற வரைக்கும் நான் மூச்சு விடுவதில்லை.