என் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்ட ராணியம்மா

ராணியம்மா போய்விட்டார். இன்று காலை, நெஞ்சு வலி...

நாகப்பட்டினத்துப் பக்கம் நான் தங்கியிருந்த ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்தின் சமையற்காரர். வார்டன் போனில் சொன்னபோது இங்கே மலேசியாவில், பாச்சாங் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மீனை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பத்து பெரண்டாம் ஊர் ஃபேக்டரியில் ரிட்டையர் ஆன மறுநாளே உலகைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது உங்களுக்குத் தெரியும் நண்பர்களே. அந்த இல்லத்தில் மூன்று மாதம் வாலண்டியர். நீங்கள் போட்ட மாலைகளின் கனத்தில் விமானமே ஒரு பக்கம் சாய்ந்துதான் பறந்தது.

போன முதல் நாளே மலேசியாவின் மானத்தை நிலைநாட்டக் கிளம்பினேன். இரண்டு குவளை, ஒரு சட்டி டீ... பிள்ளைகள் முன்னால் தே தாரிக், இழுத்து ஆற்றும் டீ! டீ வானத்துக்கும் பூமிக்கும் போய் வந்தது.

"இது எங்க ஊரு அதிசயம் லா! வேற எங்கயும் பாக்க முடியாது" என்று முழங்கினேன்.

ராணியம்மா கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "சார், இதைத்தான் எங்க முக்குக் கடையில தெனமும் ஆத்துறான். அவன் கீழ சிந்தமாட்டான்."

பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இங்கே நம்ம செர்காம் கடற்கரை வரை கேட்டிருக்கும்.

அப்புறம் கடைசி நாள்.

பிள்ளைகள் ஸ்கூலில் இருக்கும்போதே வாலண்டியர்கள் கிளம்பிவிடுவது அங்கே வழக்கம். அழுகை இருக்காதாம். எனக்கும் அதுதான் வசதி. நான் சிங்கம்தான்... ஆனால் ஆறு வயது துர்கா அழுதால் தாங்காத சிங்கம்.

டாக்சி வந்துவிட்டது. பெட்டியை எடுக்கப் போனால், அதன் மேல் ராணியம்மா உட்கார்ந்திருக்கிறார்.

"எந்திரிங்க ராணிம்மா, டாக்சி நிக்குது."

"நிக்கட்டும். இங்க இருக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் யாரோ ஒருத்தர் சொல்லாமத்தான் விட்டுட்டுப் போயிருக்காங்க. நீங்களும் அப்படியே போவீங்களா சார்? நாலு மணிக்கு வந்துருவாங்க. சொல்லிட்டுப் போங்க."

ஏழு யானை கட்டி இழுத்தாலும் அந்தப் பெட்டி நகர்ந்திருக்காது. ராத்திரிதான் ஃபிளைட். டாக்சியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

நாலு மணிக்குச் சொன்னேன். துர்கா அழவில்லை. "திரும்பி வருவீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த மாசமே தனிக் கப்பல் பிடித்து வருகிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது. ராணியம்மா பார்த்த பார்வையில் கப்பல் அங்கேயே மூழ்கியது.

"தெரியலம்மா... போன் பண்றேன்" என்றேன். அறுபது வருஷத்தில் நான் பேசிய மிகச் சின்ன உண்மை. அவள் தலையாட்டிவிட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டே வாசல் வரை வந்தாள்.

இன்று வார்டன் சொல்கிறார்: "பிள்ளைங்களுக்கு இன்னும் சொல்லல சார். ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கோம்."

கையிலிருந்த மீனைக் கீழே வைத்தேன்.

"வேணாம் சார். சொல்லிடுங்க."

"என்னால முடியல. நீங்க சொல்றீங்களா?"

சற்றுமுன் வீடியோ காலில் சொன்னேன். கதை கட்டவில்லை, எதையும் பெரிதாக்கவில்லை. பெரிய பிள்ளைகள் அழுதார்கள். துர்கா ஸ்கிரீனோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கேட்டாள்.

"நாங்க போய்ப் பாக்கலாமா மாமா?"

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து வார்டன் குரல். "போலாம்மா. செருப்பு மாட்டுங்க. எல்லாரும் போலாம்."

ராணியம்மா... நிம்மதியாக இருங்கள். பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள்.